கோடு இருக்கிறது, கப்பல் இருக்கிறதா?

அந்தமான் நிகோபார் பயணத்துக்குக் கைபேசி வரைபடம் எவ்வளவு தூரம் துணை வரும்?

போர்ட் பிளேரிலிருந்து திக்லிபூருக்கு வழி கேட்டால் கைபேசி ஒரு நொடியில் கோடு போட்டுக் காட்டிவிடும். ஜிர்காடாங், பாராதாங், ரங்கத், மாயாபந்தர் என்று வடக்கே ஏறிக்கொண்டே போகும் அந்தக் கோட்டின் நீளம் சுமார் 300 கிலோமீட்டர். தேசிய நெடுஞ்சாலை என்ற பெயரும் எண்ணும் அதற்கு உண்டு. திருச்சிக்குப் போகிற தூரம்தானே, விடிந்ததும் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குச் சேர்ந்துவிடலாம் என்று சென்னையிலிருந்து வந்தவர் கணக்குப் போடுவார்.

ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் அந்தக் கணக்கு நின்றுபோகும். அதற்கு அப்பால் இருப்பது ஜாரவா பழங்குடியினரின் காப்பகக் காடு. உள்ளே எந்த வண்டியும் தனியாகப் போக முடியாது. நாளொன்றுக்கு நான்கு முறை, போலீஸ் காவலோடு, வரிசையாகக் கிளம்பும் கான்வாயில் சேர்ந்துதான் போக வேண்டும். காலை ஆறு மணிக் கான்வாயைப் பிடிக்க நினைப்பவர்கள் போர்ட் பிளேரில் மூன்று, மூன்றரைக்கே வண்டி ஏறுகிறார்கள். தவறவிட்டால் அடுத்த முறை திறக்கும்வரை மணிக்கணக்கில் சாவடியிலேயே காத்திருக்க வேண்டியதுதான். சுமார் 50 கிலோமீட்டர் காட்டுப் பாதையில் நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. காடு முடிகிற இடத்தில் மிடில் ஸ்ட்ரெய்ட் நீரிணை குறுக்கிடும். பேருந்து, கார், ஆட்கள் எல்லாரையும் ஃபெர்ரியில் ஏற்றி அக்கரையில் இறக்குவார்கள். கைபேசி போட்ட கோடு இவை எல்லாவற்றின் மேலும் ஒரே சீராக ஓடியிருக்கும்.

டிஜிட்டல் வரைபடம் இந்தத் தீவுகளுக்குச் செய்திருக்கும் நன்மை சிறியதல்ல. ஆனாலும் இங்கே ஒரு பயணம் நடக்குமா என்பதைத் தூரம் தீர்மானிப்பதில்லை. கதவு எத்தனை மணிக்குத் திறக்கும், படகு இன்று ஓடுமா, அந்தக் கரையில் கால் வைக்க அனுமதி உண்டா என்ற மூன்று கேள்விகள்தான் தீர்மானிக்கின்றன. வழி சொல்லும் செயலி இந்த மூன்றுக்கும் பதில் சொல்லப் பழகும்வரை அந்தமானில் அது அரை வேலைதான் செய்கிறது.

வழி கண்டுபிடிக்கும் கணக்கு

டச்சுக் கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956-ல் ஆம்ஸ்டர்டாம் நகரத்து காபிக் கடை ஒன்றில் உட்கார்ந்து, இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கும் முறையைச் சில நிமிடங்களில் யோசித்து முடித்தார். 1959-ல் அது அச்சேறியது. இன்றைய வழிகாட்டிச் செயலிகளுக்கெல்லாம் அடித்தளம் அந்த யோசனைதான். ஒவ்வொரு சாலைத் துண்டுக்கும் ஒரு விலை வைக்க வேண்டும். தூரமோ நேரமோ எதுவாகவும் அந்த விலை இருக்கலாம். கூட்டிப் பார்த்து, மொத்த விலை குறைந்த பாதையைத் தேர்ந்தெடுத்தால் வழி கிடைத்துவிடும்.

பெருநகரங்களில் இந்த விலையை நாமே புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம். அண்ணா சாலையில் ஊர்ந்துபோகும் ஆயிரக்கணக்கான கைபேசிகளின் வேகத்தைப் பார்த்து, பின்னால் வருகிறவருக்கு அங்கே நெரிசல் என்று செயலி சொல்கிறது. ஜாரவா காட்டுக்குள் அலைபேசிக் கோபுரம் இல்லை. அங்கே ஓடும் கைபேசிகள் எதையும் சொல்வதற்கில்லை. அது போக, கான்வாய்ச் சாலையின் விலை நேரத்துக்கு நேரம் மாறுகிறது. கதவு திறக்கப் பத்து நிமிடம் இருக்கையில் வந்தவருக்கு அந்தச் சாலை இரண்டு மணி நேரம் என்றால், கதவு மூடிப் பத்து நிமிடம் கழித்து வந்தவருக்கு ஐந்து மணி நேரம். கடைசிக் கான்வாய் போன பிறகு வந்தவருக்கு மறுநாள். இதைக் கணக்கில் சேர்க்க முடியாது என்பதில்லை. ரயில் அட்டவணையைச் சேர்த்ததுபோல இதையும் சேர்க்கலாம். சேர்ப்பதற்கு அந்த நேரங்கள் கணினி படிக்கும் வடிவில் எங்காவது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெளிச்சத்தின் கணக்கு ஒன்றும் உண்டு. போர்ட் பிளேர் இருக்கும் தீர்க்கரேகை ஏறத்தாழ 92.7 டிகிரி கிழக்கு. இந்திய நேரத்தை நிர்ணயிக்கும் 82.5 டிகிரியிலிருந்து பத்து டிகிரிக்கு மேல் கிழக்கே. அதனால் கடிகாரம் நம்முடையதாக இருந்தாலும் சூரியன் சுமார் நாற்பது நிமிடம் முந்திக்கொள்கிறது. குளிர்காலத்தில் மாலை ஐந்து மணியைத் தாண்டியதும் இருட்டு கட்டிவிடும். ‘ஆறு மணிக்குக் கடற்கரை சேர்வீர்கள்’ என்று செயலி சொன்னால், கடல் தெரியாத நேரத்தில் சேர்வீர்கள் என்று பொருள்.

ஆழம் பார்த்தவர்கள்

இந்தத் தீவுகளின் பெயர் தமிழருக்குப் புதிதல்ல. ராஜேந்திர சோழன் 1025-ல் நடத்திய கடற்படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் வெற்றிகொண்ட இடங்களின் வரிசையில் மாநக்கவாரமும் இருக்கிறது. நிகோபாரைத்தான் அது குறிக்கிறது என்பது வரலாற்றாய்வாளர்களின் கருத்து. நிகோபார் மக்கள் தங்கள் ஹோடி என்னும் துணைமிதவை கட்டிய படகுகளில் தீவு தீவாகப் போய்வந்தார்கள். சௌரா தீவின் மண்பானைகளும் படகுகளும் மற்றத் தீவுகளுக்கு விலைபோயின. கார் நிகோபார்க்காரர்கள் சௌராவுக்குப் போகத் திறந்த கடலைத் தாண்ட வேண்டும். விண்மீனும் காற்றும் அலையின் போக்கும்தான் அவர்களுக்கு வழி.

அளந்து வரைந்த படம் பிறகுதான் வந்தது. பம்பாய்க் கடற்படையின் லெஃப்டினன்ட் ஆர்ச்சிபால்ட் பிளேர் 1788 டிசம்பரில் புறப்பட்டு வந்து, அந்தமான் கரைகளைச் சுற்றி நீரின் ஆழத்தைக் குண்டுக் கயிறு விட்டு அளந்தார். அவர் தேர்ந்தெடுத்த துறைமுகம் பின்னாளில் அவர் பெயரையே தாங்கியது. துறைமுகத்துக்குள் இருக்கும் வைப்பர் தீவின் பெயர் அவர் வந்த கப்பலின் பெயர். 1789-ல் சாத்தம் தீவில் தொடங்கிய குடியிருப்பை 1792-ல் வடகிழக்குக்கு மாற்றினார்கள். நோயின் கொடுமையில் 1796-ல் அதையும் கைவிட்டார்கள். வரைபடம் நல்ல துறைமுகத்தைக் காட்டியது. கொசுவும் காய்ச்சலும் அதில் பதிவாகவில்லை.

பிளேரின் காலத்திலிருந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல், கடலோடிகள் திருத்தித் திருத்திச் சேர்த்த ஆழங்களில் பலவற்றை ஒரே காலைப்பொழுது பழையதாக்கியது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் வடக்கு அந்தமானின் கரை மேலே எழும்பியது. நீருக்குள் இருந்த பவளப்பாறைகள் வெளியே வந்து வெயிலில் செத்தன. தெற்கே நிகோபார் அமிழ்ந்தது. இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனையில் நிலம் 4.25 மீட்டர் இறங்கி, கலங்கரை விளக்கத்தின் அடிவாரம் கடலுக்குள் போனது. ட்ரிங்கட் தீவு துண்டுபட்டது. போர்ட் பிளேரை ஒட்டிய சிப்பிகாட் பகுதியில் வயல்களில் உப்புநீர் ஏறி அப்படியே தங்கிவிட்டது. எந்தப் பாறை எழும்பியது, எந்தக் கரை போனது என்பதைச் சில நாட்களில் உலகம் தெரிந்துகொண்டது செயற்கைக்கோள் படங்களால். காகித வரைபடத்தின் அடுத்த பதிப்புக்காகக் காத்திருக்க வேண்டியிருந்த காலம் அத்தோடு முடிந்தது. டிஜிட்டல் வரைபடத்தின் மிகப் பெரிய கொடை, வழி காட்டுவதைவிட, நிலம் மாறினால் படமும் மாற முடியும் என்பதுதான் என்று நினைக்கிறேன்.

கடலடியில் வந்த கம்பி

அந்தமானில் இணையம் என்பது வெகுகாலம் செயற்கைக்கோள் தயவில் சொட்டுச் சொட்டாகக் கிடைத்த ஒன்று. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடலடிக் கண்ணாடி இழைக் கம்பி இணைப்பு திறக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம், 1,224 கோடி ரூபாய் செலவு. ஸ்வராஜ் தீவு, லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்தா, கிரேட் நிகோபார் ஆகியவற்றையும் அது தொடுகிறது. தங்கும் விடுதியிலிருந்து ஃபெர்ரி டிக்கெட்வரை இணையத்தில் பார்த்து முடிக்க முடிகிற இன்றைய பயணம் அந்தக் கம்பியின் மேல்தான் நிற்கிறது.

ஆனால் கம்பி ஊருக்கு வந்ததே தவிர, காட்டுக்கும் கடலுக்கும் வரவில்லை. ஜெட்டியை விட்டுப் படகு கொஞ்ச தூரம் போனதும் சிக்னல் மறையும். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். சிக்னல் போனால் ஜிபிஎஸ் போய்விடும் என்று நினைக்கிறார்கள். போகாது. பூமிக்கு மேல் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் நேரக் குறிப்பைக் கேட்டு, தான் எங்கே இருக்கிறோம் என்பதைக் கைபேசி தானாகவே கணக்கிடுகிறது. அதற்குக் கோபுரமும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். முதல் முறை இடத்தைப் பிடிக்கச் சில நிமிடம் கூடுதலாக ஆகலாம், அவ்வளவுதான். கோபுரம் வழியாக வருவது வரைபடத்தின் படம் மட்டும். அதை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் நடுக்கடலிலும் நீலப் புள்ளி உங்களோடு வரும். கூகுள் மேப்ஸ் 2015 முதல் இணையமில்லாமலும் வழிகாட்டுகிறது. தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாகக் கொண்ட செயலிகள் முழுப் பகுதியையும் கைபேசியிலேயே வைத்துக்கொள்ளும். போர்ட் பிளேர் விடுதியின் வைஃபையில், புறப்படும் முந்தைய இரவு செய்ய வேண்டிய வேலை இது. அடர்ந்த மழைக்காட்டின் கூரைக்குக் கீழே சமிக்ஞை மங்கும், புள்ளி கொஞ்சம் தள்ளாடும் என்பதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இறக்கி வைக்கும்போது பெயர்களிலும் கவனம் வேண்டும். 2018 டிசம்பர் 30 அன்று ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு ஆனது, நீல் ஷஹீத் தீவு ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீவிஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் புதுப் பெயர், ஆட்டோக்காரர் வாயில் பழைய பெயர். இரண்டையும் தெரிந்துகொண்டு போனால் தேடலில் திண்டாட்டம் இருக்காது.

விமானப் பாதைகளைத் துல்லியப்படுத்தும் இந்தியாவின் ககன் அமைப்புக்குப் போர்ட் பிளேரில் ஒரு தரை நிலையம் இருக்கிறது. அதே ககன் செயற்கைக்கோள் வழியாக, கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரைத் தாண்டிச் செல்லும் மீனவருக்குப் புயல் எச்சரிக்கையும் மீன் கிடைக்கும் பகுதிகளின் தகவலும் அனுப்ப 2019-ல் ஜெமினி என்ற சிறு கருவியை மத்திய அரசு அறிமுகப்படுத்தியது. கடலோடிக்கு எது முக்கியம் என்று புரிந்துகொண்டு செய்த கருவி இது. எங்கே இருக்கிறாய் என்பதோடு, இப்போது அங்கே இருக்கலாமா என்பதையும் சொல்கிறது.

படகு இன்று ஓடுமா?

நிர்வாகக் கணக்குப்படி இங்கே தீவுகளும் திட்டுகளும் பாறைகளுமாக 836 உண்டு. மக்கள் வசிப்பது 31-ல். ஸ்வராஜ் தீவுக்குத் தனியார் அதிவேகப் படகுகள் ஒன்றரை மணி நேரத்தில் போகின்றன, அரசுப் படகு இரண்டரை மணி நேரம் எடுக்கும். சென்னைத் துறைமுகத்திலிருந்து வரும் பயணிகள் கப்பலுக்கு ஏறத்தாழ மூன்று நாட்கள். அரசுப் படகுகளையும் கப்பல்களையும் நடத்துவது கப்பல் சேவை இயக்குநரகம். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியின் கவுன்டரில் வரிசையில் நின்று வாங்கிய டிக்கெட்டை இப்போது இணையத்திலும் வாங்கலாம்.

கடல் கெட்டுப்போனால் இதெல்லாம் நின்றுவிடும். 2016 டிசம்பர் முதல் வாரத்தில் ஸ்வராஜ், ஷஹீத் தீவுகளில், அப்போதைய ஹேவ்லாக்கிலும் நீலிலும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் அழைத்துவர முடிந்தது. அந்தத் தாழ்வு மண்டலம்தான் வர்தா புயலாகி டிசம்பர் 12 அன்று சென்னையைப் புரட்டிப்போட்டது. அந்த நாட்களில் எந்தக் கைபேசியில் கேட்டிருந்தாலும் ஹேவ்லாக்கிலிருந்து போர்ட் பிளேருக்கு ஒரு கோடு வந்திருக்கும்.

தமிழ்நாட்டுக்கு இன்னொரு துயரமும் நினைவிருக்கும். 2014 ஜனவரி 26 அன்று போர்ட் பிளேர் அருகே சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் காஞ்சிபுரத்திலிருந்து போனவர்கள். அனுமதித்த அளவைவிடக் கூடுதலானோர் அந்தப் படகில் இருந்தார்கள். நட்சத்திர மதிப்பெண்களைப் பார்த்துப் படகைத் தேர்ந்தெடுக்கும் பயணிக்கு, அந்தப் படகில் எத்தனை பேர் ஏறலாம், உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதும் அதே திரையில் தெரிய வேண்டும். இதைவிட அவசியமான தகவல் வேறு என்ன இருக்கிறது?

கரைகளும் அப்படித்தான். 2010-ல் ஸ்வராஜ் தீவின் ராதாநகர் கடற்கரையை ஒட்டிய பகுதியில் அமெரிக்கப் பெண் ஒருவரை உப்புநீர் முதலை கொன்றது. வண்டூர் போன்ற சில இடங்களில் குளிக்கத் தடையோ கட்டுப்பாடோ உண்டு. கரையில் நட்ட பலகையில் அது இருக்கும். போகலாமா என்று முந்தைய நாள் விடுதியில் உட்கார்ந்து யோசிக்கும்போது கையில் இருக்கும் படத்தில் அது மணலும் நீலமுமான அழகான கரையாகத்தான் தெரியும்.

சுற்றுலா வருகிறவருக்கு ஃபெர்ரி ஓடாத நாள் ஒரு விடுமுறை நாள் வீண். இங்கே வாழ்கிறவருக்கு அப்படியல்ல. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளில் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தமிழ் தாய்மொழி. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழ்க் குடும்பங்கள் சில கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டன. கட்சாலிலோ லிட்டில் அந்தமானின் ஹட் பேயிலோ ஒருவருக்கு நோய் முற்றினால் போர்ட் பிளேரின் கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும். அவர்களுக்குக் கப்பல்தான் பேருந்து. அது எப்போது வரும், தள்ளிப்போனால் எத்தனை நாள் என்ற செய்தி கைபேசியில் நம்பும்படி வருவதற்கு முதல் உரிமை அவர்களுடையது.

போகக் கூடாத இடம்

இதுவரை சொன்னது வசதியைப் பற்றி. இனி வருவது அதைவிடப் பெரிய விஷயம்.

வடக்கு சென்டினல் தீவை இன்று யாரும் வானிலிருந்து பார்க்கலாம். 1981-ல் அதன் பவளத்திட்டில் மோதி நின்ற ப்ரிம்ரோஸ் கப்பலின் எலும்புக்கூட்டைச் செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கிக் காட்டும் காணொளிகள் ஏராளம். அங்கே வாழும் மக்கள் வெளியார் வேண்டாம் என்பதை அம்பெய்து சொல்லிவிட்டார்கள். 1956-ன் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் தீவையும் அதைச் சுற்றிய கடலையும் மூடிவைத்திருக்கிறது. நம் சாதாரணக் காய்ச்சலே அவர்களுக்குக் கொள்ளைநோயாகலாம். இன்னொரு பழங்குடியான கிரேட் அந்தமானியர்களின் கதை அப்படித்தான் ஆனது.

ஒரு காலத்தில் அந்தத் தீவுக்குச் சட்டத்தைத் தவிர வேறொரு காவலும் இருந்தது. வழி தெரியாமை. பாறைகளுக்கு நடுவே எந்த இடைவெளியில் படகு நுழையும் என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. 2018 நவம்பரில் அங்கே போய் உயிரிழந்த அமெரிக்க இளைஞர் உள்ளூர் மீனவர்களுக்குப் பணம் கொடுத்துத்தான் போக முடிந்தது. 2025 மார்ச் மாதக் கடைசியில் இன்னொரு அமெரிக்கர் தனியாகவே போனார். மோட்டார் பொருத்திய ரப்பர் படகு, ஜிபிஎஸ். கரையில் தேங்காயும் ஒரு குளிர்பானக் கேனும் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். போலீஸ் கைதுசெய்தது. ஆறேழு ஆண்டுகளில் நடந்த மாற்றம் இதுதான். முன்னவருக்கு வழிகாட்ட ஆட்கள் தேவைப்பட்டார்கள், பின்னவருக்குக் கருவியே போதுமாக இருந்தது. வழி தெரியாமை என்ற காவல் போய்விட்டது. மிச்சமிருப்பது சட்டமும் நம் மனச்சாட்சியும்.

ஜாரவா காட்டுச் சாலையின் நிலை இன்னும் வேதனையானது. காப்பகத்தின் ஊடாகப் போகும் அந்தச் சாலைப் பகுதிகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002 மே மாதம் உத்தரவிட்டது. சாலை மூடப்படவில்லை. 2012-ல் ஜாரவா பெண்களை ஆடச் சொல்லி எடுத்த காணொளி வெளியாகி உலகமே அதிர்ந்தது. அதன் பிறகுதான் கான்வாய்களின் எண்ணிக்கை குறைந்தது, கண்காணிப்பு இறுகியது. பாராதாங்கின் சுண்ணாம்புக் குகைக்குச் செல்லும் வழி என்றுதான் செயலி இதைக் காட்டுகிறது. சில நூறு பேர் மட்டுமே உள்ள ஒரு மக்கள் கூட்டத்தின் வீட்டு முற்றம் வழியாகப் போகிறோம் என்பதை அந்தக் கோடு சொல்லவில்லை. நிகோபார் மாவட்டத்தின் பெரும்பகுதியும் பழங்குடிக் காப்பகம்தான். மாவட்ட நிர்வாகத்தின் அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியார் அங்கே கால் வைக்க முடியாது. இந்த எல்லைகள் அரசிதழில் இருக்கின்றன. பயணி பார்க்கும் படத்தில் இல்லை. அணு உலை, ராணுவத் தளம் என்றால் படத்தில் மறைத்துக் காட்டச் சொல்லிக் கேட்கிற அரசுகள், ஒரு மக்களின் உயிர் சார்ந்த எல்லையைப் படத்தில் போடச் சொல்லிக் கேட்க ஏன் தயங்க வேண்டும்?

செய்ய முடிகிற வேலை

இதற்கெல்லாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2005-ல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனம் ட்ரைமெட், தன் பேருந்து அட்டவணையை ஒரு எளிய பொது வடிவில் கூகுளுக்குக் கொடுத்தது. இன்று உலகெங்கும் பேருந்து, ரயில் நேரங்கள் கைபேசிக்கு வருவது அந்த வடிவில்தான். அதில் ஃபெர்ரிக்கென்றே ஒரு வகை இருக்கிறது. ‘இன்று இந்தச் சேவை இல்லை’ என்று உடனுக்குடன் அறிவிக்க ஒரு துணை வடிவமும் இருக்கிறது. சென்னையில் 2025 செப்டம்பரில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்து ‘சென்னை ஒன்’ செயலி வந்தது. பல துறைகள் தங்கள் தரவை ஒரே இடத்தில் வைக்கச் சம்மதித்ததால்தான் அது நடந்தது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபடத் தரவுக்கான கட்டுப்பாடுகளைத் தளர்த்திவிட்டதால், இந்திய நிறுவனங்கள் முன் அனுமதிக்காக அலைய வேண்டிய நிலையும் இல்லை.

போர்ட் பிளேரில் கப்பல் அட்டவணை கப்பல் சேவை இயக்குநரகத்திடம் இருக்கிறது. கான்வாய் நேரம் ஜிர்காடாங் சாவடியின் பலகையில் இருக்கிறது. குளிக்கத் தடையுள்ள கரைகளின் பட்டியலும் காப்பக எல்லைகளும் நிர்வாகத்தின் கோப்புகளில் இருக்கின்றன. படகுகளின் உரிமமும் ஆள் அளவும் துறைமுக அலுவலகத்தில் பதிவாகியிருக்கின்றன. நான்கும் நான்கு இடத்தில், தாளாகவோ அறிவிப்புப் படமாகவோ கிடக்கின்றன. மழைக்காலம் ஓய்ந்து பயணிகள் வரத் தொடங்குவது அக்டோபரில். கப்பல் அட்டவணையையும் கான்வாய் நேரத்தையும் அதற்குள் பொதுத் தரவாக வெளியிட்டுவிடலாம். காப்பக எல்லைகளுக்கு மட்டும், எதைக் காட்டலாம், எதைக் காட்டினால் அதுவே வழிகாட்டியாகிவிடும் என்று பழங்குடியினர் நலத் துறையோடும் மானுடவியல் ஆய்வுத் துறையோடும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும்.